1,400 டாலர் போச்சு! பழைய பின்பால் மெஷின் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம்

நேத்து ராத்திரிதான் நான் வாங்கின மெஷினோட தலைப்பெட்டியை, அதாவது பின்னாடி நிமிர்ந்து நிக்கிற, போர்டெல்லாம் இருக்கிற பெட்டியைத் திறந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கலை.

மெஷின் பாலி கம்பெனியோட 'எய்ட் பால்'. 1977-ல வந்தது. 20,230 செஞ்சாங்க, அதனால சிகாகோ பக்கம் இப்பவும் கிடைக்கும். வித்தவர் பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல கிடைச்ச ஆள். போனப்பவே மெஷின் ஓடிட்டிருந்தது. ரப்பர் வளையமெல்லாம் புதுசு, பந்து உருள்ற ஆடுதளத்துல மெழுகு பளபளப்பு. கேக்காமலே கண்ணாடியை உருவி, ஆடுதளத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில பந்தைத் தட்டி விடற மின்சுருள், அதான் காயில், ஒவ்வொண்ணா காட்டினார். இவ்வளவு காட்டுறவர் எதை மறைக்கப் போறார்? தலைப்பெட்டிச் சாவி மட்டும் தொலைஞ்சு போச்சாம். அங்கேயே திரும்பியிருக்கணும். 1,400 டாலரை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்ல சுவிட்ச் போட்டா பேச்சு மூச்சில்லை. பூட்டைத் துளைச்சுப் பார்த்தா, மெயின் போர்டுல சால்டர் பண்ணியிருக்கிற 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிஞ்சு சுத்திலும் பச்சை பூத்துக் கிடக்கு. பக்கத்துலயே பிராசஸரைக் கிளப்பி விடற ரீசெட் சர்க்யூட். அது அரிச்சா ஆன் பண்றப்போ பிராசஸர் கிளம்பாது. எப்பவாவது கிளம்பிட்டா, அணைக்கிற வரைக்கும் ஓடும். நான் போறதுக்கு முன்னாடியே ஏன் ஓட விட்டிருந்தார்னு இப்பப் புரியுதா? வினிகர் போட்டுத் துடைச்சா பச்சை போகும். சாக்கெட்டுக்குள்ள, காப்பர் தடத்துக்கு அடியில தின்னது திரும்பி வராது. புது போர்டுதான்.

காயிலுக்கு 1 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ (மெதுவா எரியற) ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல 5 ஆம்ப் ஃபியூஸ் வேற; கோளாறு வந்தா ஃபியூஸுக்கு முன்னாடி காயில்தான் எரியும். அது ஆடுதளத்துக்கு அடியிலதான், காட்டினப்போ என் கண்ணெதிர்ல இருந்தது!

கேட்டா, "என் வீட்ல ஓடுச்சே." அப்புறம், "வேன்ல குலுங்கியிருக்கும்." அப்புறம், "இவ்வளவு பழைய மெஷினுக்கு வாரண்டியா?" அதோட பிளாக். ஆப்காரங்க, ரொக்கமா கொடுத்ததுல நாங்க தலையிட மாட்டோம்னுட்டாங்க. 1,400 டாலர்ங்க.

சட்டுன்னு சொல்லிடறேன். ஓடற மெஷினை அணைக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி ஆன் பண்ணுங்க, நாலஞ்சு தடவை. ஆன் பண்றப்போ, அந்தக் கால பாலி மெயின் போர்டுல இருக்கிற எல்.இ.டி. விளக்கு லேசா மினுக்கிட்டு 7 தடவை எரியணும், அப்பதான் போர்டு சரியா கிளம்புதுன்னு அர்த்தம். தலைப்பெட்டி திறக்கலைன்னா பர்ஸைத் திறக்காதீங்க. தலைப்பெட்டி முகப்புல இருக்கிற படம் போட்ட கண்ணாடியோட பின்பக்கம் பெயிண்ட் உரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஆடுதளத் தேய்மானம் பத்தி அப்புறம் எழுதறேன், இப்ப முடியலை.