வால்டோர் பக்கம் பண்ணைக்கே வரும் பன்றி டாக்டர்: என் அனுபவம்

பினாங்கில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்காகவும் அதில் வேலை பார்ப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான் வால்டோர் பக்கம் ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) பண்ணையில் குட்டிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு தலையீற்றுப் பன்றி பதினோரு குட்டி போட்டது. அதில் ஒன்பது, பிறந்ததிலிருந்தே வெடவெடவென்று நடுங்கின. காம்பை வாயில் பிடிக்கும், தலை ஆடி நழுவிவிடும், மறுபடி பிடிக்கும், நழுவும்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. 1998, 99இல் பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நிப்பா வைரஸ் வந்தபோது, அது கடுமையாகப் பரவிய நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில்தான் என் மாமா இருந்தார். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள்; நிப்பா அடங்குவதற்குள் 105 பேர் செத்துப்போனார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நடுங்கும் பன்றி என்றாலே எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

டாக்டருக்குப் போன் போட்டேன், மறுநாள் காலை ஏழரைக்கே வந்துவிட்டார். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கிய பிறகுதான் கொட்டகைக்குள் கால் வைத்தார். தாய்க்குக் காய்ச்சல் இல்லை. அப்புறம் விளக்கடியில் கிடந்த ஒரு குட்டியைக் காட்டி, "அண்ணே, தூங்கும்போது நடுக்கம் நிக்குது பாருங்க" என்றார். உண்மைதான், தொட்டு எழுப்பியதும் மறுபடி ஆரம்பித்தது. ஆவ்ஜெஸ்கி என்ற பன்றி வைரஸ் நோயாக இருந்தால் குட்டிகள் காய்ச்சலில் துவண்டு, வலிப்பு வந்து, மளமளவென்று சாகும், இது ஒரு வகைப் பெஸ்டிவைரஸாக இருக்கலாம், தாய் வயிற்றிலேயே தொற்றி நரம்பின் மேலுறை சரியாக வளராமல் போகிறது என்று பொறுமையாக விளக்கினார். இந்த வகை வைரஸையே 2015இல்தான் கண்டுபிடித்தார்களாம்.

இதற்கு மருந்து கிடையாது, ஊசி எதுவும் வேண்டாம் என்று நேராகச் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்பு வந்துகொண்டிருந்தவர் எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். குட்டிகள் சாவது பெரும்பாலும் பால் குடிக்க முடியாமல்தான் என்றதால், நாங்களே கையில் பிடித்துக் காம்பில் வைத்தோம், ராத்திரியும் விடவில்லை, விளக்குச் சூடும் குறையவிடவில்லை. ஒன்பதில் ஏழு பிழைத்தன. இப்போது மூன்று வாரம், நடுக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

கட்டணம் 280 வெள்ளி, எனக்கு நியாயமாகத்தான் பட்டது. குறை என்றால், பெஸ்டிவைரஸ்தான் என்ற பரிசோதனை முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது, நடுவில் அவர்கள் அலுவலகத்தில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. தவுக்கே தினமும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூப்பிடுவதாக இருந்தால் குட்டிகள் நடுங்குவதையும் தூங்குவதையும் தனித்தனியாக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.