யூராக்ஸஸ்: பிஎச்டி இடம் தேடுவோருக்கு

பொருளறிவியலில் பிஎச்டி இடம் தேடியபோது எனக்கு அதிகம் கைகொடுத்தது ஆய்வாளர் பணி விளம்பரங்கள் வெளியாகும், ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸஸ் தளம்தான். கட்டணம் கிடையாது. தேடலில் ஆர்1 நிலையை, அதாவது பிஎச்டி முடிக்காத தொடக்கநிலை ஆய்வாளர் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பேராசிரியர் பணி விளம்பரங்களெல்லாம் பெரும்பாலும் ஒதுங்கிவிடும், பெரிய நிம்மதி. ஆய்வாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி திட்ட இடங்களும் வரும். அவற்றுக்கு ஒரு விதி உண்டு: பணியில் சேரும் முன் 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், பணியில் சேரப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. விண்ணப்பக் கடிதத்தில் கைவைக்கும் முன் இதைப் பாருங்கள்.

விளம்பரங்கள் ஒரே தரத்தில் இருக்காது. ஒன்றில் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) கருவி, நெறியாளர், ஒப்பந்தக் காலம் எல்லாம் தெளிவாக இருந்தன; இன்னொன்றில் ஆர்வமுள்ளவர் தேவை என்பதோடு சரி. அப்படிப்பட்டதை நான் தாண்டிப் போய்விடுவேன். முதுகலை ஆய்வேட்டுக்கு இடம் தேடுகிறவர்கள் ஆய்வுக்குழுக்களின் சொந்தப் பக்கங்களைப் பார்ப்பதே நல்லது.