வெள்ளச்சியும் பவுனும்: ஆறு வயதுப் பெண் நாயைச் சேர்க்கலாமா?

வெள்ளச்சியும் பவுனும் ஒரே ஈத்தில் பிறந்த ராஜபாளையம் பொட்டைகள். வெள்ளச்சி திருநகரில் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். பவுனு செக்கானூரணி பக்கம் பெரியப்பா தோட்டத்தில் வளர்ந்தாள். இந்தத் தையோடு இருவருக்கும் ஆறு வயது முடிந்துவிட்டது. பவுனு இரண்டு முறை குட்டி போட்டவள். வெள்ளச்சியை இதுவரை ஆண் நாயோடு, அதாவது கடுவனோடு, சேர்த்ததே இல்லை.

பொங்கல் கழிந்த வாரம் வெள்ளச்சிக்கு ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்தது. அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். "ஏத்தா, ஒரு தடவையாச்சும் குட்டி போடாம விட்டா அது பாவம்த்தா. நம்ம ரத்தம் இத்தோட போயிரும். அலங்காநல்லூர்ல நல்ல கடுவன் ஒண்ணு இருக்கு, சொல்லவா?" என்றார். ஒரு வாரம் டைம் கேட்டேன். கடுவனிடம் கொண்டுபோக எப்படியும் ஹீட் தொடங்கி ஒன்பது பத்து நாள் ஆக வேண்டும், அதனால் அவரும் சரி என்றார்.

அந்த வாரத்தில் எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இந்த ஹீட்டிலேயே சேர்ப்பது, எதுவும் செய்யாமல் இருக்கிற மாதிரியே விடுவது, கருத்தடை செய்துவிட்டு அவள் வம்சத்திலிருந்து ஒரு குட்டியை வாங்கி வளர்ப்பது. பெரியப்பாவுக்குப் பவுனை மூன்றாவது முறை சேர்க்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. வயது ஒன்று, தாய் தகப்பன் ஒன்று. அப்படியிருந்தும் இரண்டு நாய்களுக்கும் ஒரே பதில் வரவில்லை.

முதலில் அந்தப் "பாவம்" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். ஒரு முறை குட்டி போட்டால் உடம்பு சுத்தமாகிவிடும், கர்ப்பப்பையில் நோய் வராது, மார்பில் கட்டி வராது என்கிறார்கள். ஒரு ஈத்து போட்டதற்காக மார்புக் கட்டி வராமல் போய்விடாது. குட்டி போடாத ஏக்கத்தில் எந்த நாயும் நோயில் விழுவதில்லை. ஹீட் சமயத்தில் அவள் கேட்டருகே நின்று அழுவது அந்த இரண்டு மூன்று வாரத்து ஹார்மோன் வேலை, முடிந்ததும் அவள் பாட்டுக்கு வாசலில் படுத்துக்கொள்வாள். பாவம் பார்க்க வேண்டியது உண்மைதான். ஆனால் எதற்காகப் பாவம் பார்ப்பது என்பதில்தான் பெரியப்பாவும் நானும் வேறுபட்டோம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: ஹீட் வருகிற வரைக்கும் குட்டி போடலாம் என்பது. நாய்க்கு மனுஷி மாதிரி மாதவிடாய் நிற்பதில்லை. வயது கூடக் கூட இரண்டு ஹீட்டுக்கு நடுவே இடைவெளி நீளலாம், ஆனாலும் பத்து வயதிலும் ஹீட் வரும். குட்டி எண்ணிக்கை குறையும், பிறக்கும்போதே இறப்பது கூடும், பேறு இழுத்துக்கொண்டே போகும். ஹீட் வந்துவிட்டது என்பதை உடம்பு தயாராக இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

முதல் வழி: சேர்ப்பது

இங்கேதான் அக்காளும் தங்கையும் பிரிகிறார்கள். பவுனுக்கு முதல் ஈத்து மூன்று வயதில், ஐந்து குட்டி. இரண்டாவது நாலரை வயதில், ஏழு குட்டி. இரண்டும் தோட்டத்து வைக்கோல் மேலே, யாரும் கை வைக்காமல் நடந்தது. அவள் உடம்புக்கு அந்த வேலை தெரியும். வெள்ளச்சிக்கு இது தலைப்பேறு. ஐந்து ஆறு வயதுக்கு மேல் முதல் பேறு என்றால், கர்ப்பப்பை போதிய அளவு சுருங்காமல் பாதியில் ஓய்ந்துபோவது அதிகம். வயதான தாய்க்குக் குட்டியும் குறைவாகவே தங்கும். ஒரே ஒரு குட்டிதான் என்றால் அது வயிற்றுக்குள் பெரிதாக வளரும். பேறு தொடங்குவதற்கான சைகை குட்டிகளிடமிருந்துதான் போக வேண்டும், ஒற்றைக் குட்டியால் அதைச் சரியாகக் கொடுக்க முடியாமல் நாளும் தள்ளிப்போகும். கடைசியில் சிசேரியன்தான்.

ஆனையூரில் தெரிந்தவர் வீட்டில் ஏழு வயது லேப்ரடார் ஒன்றை இதே மாதிரி "ஒரு தடவை மட்டும்" என்று சேர்த்தார்கள். இரவு பதினோரு மணிக்கு முக்க ஆரம்பித்தது. காலை வரை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். விடிந்து அறுவை செய்தபோது மூன்று குட்டியில் ஒன்றுதான் உயிரோடு வந்தது. அந்தத் தாய் பிழைத்தது. ஆனால் அந்த ஒரு குட்டியையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் புட்டி கொடுத்து அந்த வீட்டு அம்மாதான் வளர்த்தார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். பலமாக அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகக் கசிந்தாலோ காத்திருக்கக் கூடாது. சேர்ந்ததிலிருந்து ஏறத்தாழ 63 நாள் கணக்கு. நாலாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்தால் சினையா இல்லையா என்று தெரியும். 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். வயதான நாய்க்கு அந்த எக்ஸ்ரே கட்டாயம், எத்தனை வர வேண்டும் என்று தெரிந்தால்தான் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது தெரியும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் உடல் வெப்பம் பாருங்கள். வழக்கத்தைவிட இறங்கி 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பேறு தொடங்கும். சினைக்காலத்தில் கால்சியம் டானிக்கை ஊற்றி ஊற்றிக் கொடுப்பது நம் ஊரில் பெரிய வழக்கம். அது கெடுதல். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். பால் கொடுக்கும் வாரங்களில் ரத்தத்தில் கால்சியம் சடக்கென்று இறங்கி, கை கால் வெட்டி இழுக்கும்.

அப்புறம் மாதக் கணக்கு. வெள்ளச்சியைத் தையில் சேர்த்தால் பங்குனி நடுவில் குட்டி. பால் அதிகம் சுரக்க வேண்டிய மூன்றாவது நாலாவது வாரம் சித்திரையில் விழும். அந்தச் சமயம் தாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிட வேண்டும், தண்ணீரும் அப்படியே. மதுரை வெயிலில், மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே, ஆறு வயதில் முதல் முறை தாயானவள் அதைச் செய்ய வேண்டும். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது கத்திரிக் கடைசியில் நிற்போம்.

பவுனு கதை வேறு. அவளுக்குக் கார்த்திகையில் ஹீட் முடிந்தது, அடுத்தது வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ வரும். குட்டி ஆவணி வாக்கில். ஐப்பசி மழை பிடிக்கும் சமயத்துக்கு எட்டு வாரம் நெருங்கிவிடும். வேப்பமர நிழல், ஆள் நடமாட்டம் குறைவு, பழகிய உடம்பு. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பவுனைச் சேர்க்கலாம் என்றுதான் தோன்றும்.

சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகளில், இனப்பெருக்கம் செய்பவர்களுக்குச் சில வரம்புகள் உண்டு. பெண் நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். எட்டு வயதை எட்டியிருக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் எட்டு வயது என்பது அதற்குமேல் கூடவே கூடாது என்று போட்ட கோடு. அதுவரைக்கும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பவுனு விஷயத்தில் என்னைத் தயங்க வைத்தது வயது இல்லை. இரண்டாவது ஈத்தில் ஏழில் ஒன்று செவிடாகப் பிறந்தது. ராஜபாளையத்தில் இது பழைய துயரம். உடம்பெல்லாம் வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறமாக இருக்கிற அதே அழகோடு சேர்ந்து வருவது இந்தக் காது கேளாமை. உட்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாததால், பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேட்கும் செல்கள் அழிந்துபோகின்றன. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கொண்டாடிய இனம் இது. அந்தப் பெருமை காப்பாற்றப்பட வேண்டும் என்றால் குட்டி எண்ணிக்கை கூடுவதைவிடக் காது கேட்கும் குட்டிகள் பிறப்பதுதான் முக்கியம். பெரியப்பா, "ஏழுல ஒண்ணுதானத்தா" என்கிறார். அந்த ஒன்று தோட்டத்து முனையில் டிராக்டர் வருவது கேட்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தபட்சம் அதே கடுவனோடு மறுபடி வேண்டாம் என்றேன். அதற்கு அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது வழி: அப்படியே விடுவது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். சேர்க்கவும் மாட்டோம், ஆபரேஷனும் செய்ய மாட்டோம். செலவில்லாத வழி மாதிரித் தெரியும். மூன்றில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கர்ப்பப்பை இரண்டு மாதத்துக்குக் குட்டி தாங்குவதற்கான ஹார்மோனில் ஊறுகிறது. வருஷக்கணக்கில் இப்படி ஊறி உள்சுவர் தடித்துப்போன பையில் கிருமி புகுந்தால் சீழ் கட்டும். பயோமெட்ரா என்பது அதுதான். ஸ்வீடனில் நாய்க் காப்பீட்டுக் கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இது வந்திருந்தது. ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதம் கழித்து நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சீழ் வெளியே வந்தால் நமக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தேங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் அதிக ஆபத்து. அப்போது செய்ய வேண்டியதும் அதே கர்ப்பப்பை ஆபரேஷன்தான். நன்றாக இருக்கும்போது செய்வதற்குப் பதில், காய்ச்சலும் விஷமும் ஏறிய உடம்பில் செய்ய வேண்டிவரும்.

இதோடு தெருவில் பத்துக் கடுவன்கள் காவல் கிடப்பதும், ஒரு நிமிஷம் கேட் திறந்திருந்தால் போதும் என்ற பதற்றமும் வருஷத்துக்கு இரண்டு முறை உண்டு. அது வளர்க்கிறவர்களுக்கே தெரியும்.

மூன்றாவது வழி: கருத்தடை செய்து, வம்சத்திலிருந்து ஒரு குட்டி

ஆறு வயதில் மயக்க மருந்து என்றால் பயம் வரத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே செய்தாலும் முன்னதாக ரத்தப் பரிசோதனை, குறிப்பாக சிறுநீரகமும் கல்லீரலும், பார்த்துவிடச் சொல்லுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி உடம்பு நாய்களுக்குக் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் மாதிரி சில மயக்க மருந்துகள் இறங்க வெகுநேரம் ஆகும், அதையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஹீட் முடிந்த உடனே செய்யாமல் இரண்டு மூன்று மாதம் விட்டுச் செய்வது நல்லது, அப்போது ரத்த ஓட்டம் அடங்கியிருக்கும்.

இதில் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். மார்புக் கட்டிக்கு எதிரான பெரிய பலன், முதல் ஒன்றிரண்டு ஹீட்டுக்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான். ஆறு வயதில் அதை எதிர்பார்க்கக் கூடாது. மாதம் ஒரு முறை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் விரலால் தடவிப் பார்க்கும் வேலை தொடரத்தான் வேண்டும். பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். எடை ஏறும், சோற்றைக் குறைக்க வேண்டும். சில பெரிய நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

"நம்ம ரத்தம்" என்று பெரியப்பா சொன்னதற்குப் பதில் அவர் தோட்டத்திலேயே படுத்திருந்தது. பவுனின் முதல் ஈத்துக் குட்டி செல்லிக்கு இப்போது மூன்று வயது. அந்த ஈத்துக்குக் கடுவன் வேறு, ஐந்து குட்டிக்கும் காது கேட்டது. செல்லி வெள்ளச்சிக்கு அக்காள் மகள். அவளுடைய குட்டி ஒன்று திருநகர் வந்தால் அது அதே வம்சம்தான். அதற்காக வெள்ளச்சியின் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆகவே வெள்ளச்சியைச் சேர்க்கவில்லை. சித்திரையில் ஆபரேஷன் என்று முடிவு. பவுனு விஷயத்தில் பெரியப்பாவுக்கு இன்னும் மனம் வரவில்லை, ஆனியில் ஹீட் வந்தால் பார்க்கலாம் என்கிறார். நானும் விடுவதாக இல்லை. செல்லியைப் பற்றி மட்டும் ஒத்துப்போனோம்: நான்கு வீடுகள் குட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த பிறகுதான் சேர்ப்பது, குட்டிகள் மூன்று நான்கு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து, தூங்கும்போது பின்னாலிருந்து ஓசை கொடுத்துப் பார்ப்பது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை அதில் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் இரண்டும் கேட்காததைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

கிளம்பும்போது புரூசெல்லா என்ற கிருமிக்கான பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். இணை சேரும்போது பரவும், குட்டி கலையும், மனிதருக்கும் தொற்றக்கூடியது, அதனால் செல்லிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றேன்.

"சரித்தா, எடுப்போம்."

"அலங்காநல்லூர்க் கடுவனுக்கும் எடுக்கணும் பெரியப்பா."

"கடுவனுக்குமா? அவுங்க கோவிச்சுக்கிர மாட்டாங்களா?"

"கோவிச்சுக்கிட்டா வேற கடுவன் பார்ப்போம் பெரியப்பா."