பாய்ன் ராஸ்ப்பெர்ரி: வினிபெக் குளிருக்குப் பெயர் கேட்டு வாங்க வேண்டிய செடி

கனடாவின் வினிபெக் மாதிரி குளிர் ஊரில் வீடு இருந்து, பின்பக்கம் ஆறு மணி நேரம் வெயில் விழும் ஒரு துண்டு நிலமும் இருந்தால், ராஸ்ப்பெர்ரி வைத்தே ஆக வேண்டும் என்பேன். சூப்பர் மார்க்கெட்டில் 170 கிராம் டப்பாவுக்குக் கேட்கிற விலையை நினைத்தாலே போதும். ஆனால் எந்த ராஸ்ப்பெர்ரி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில வருடங்களாக நான் வளர்ப்பது பாய்ன் என்ற ரகம். தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

இது இந்த மண்ணிலேயே பிறந்த செடி. வினிபெக்கிலிருந்து தென்மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் மார்டென் என்ற சிற்றூர் வரும். அங்கே இருக்கும் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சீஃப், இந்தியன் சம்மர் என்ற இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து உருவாக்கி, 1960-ல் வெளியிட்டார்கள். அறுபது வருடம் தாண்டியும் இந்தப் பக்கத்து நர்சரிகளில் முதலில் கைகாட்டுவது இதைத்தான். புதுசு புதுசாக எத்தனையோ வந்தும் இது நின்றுவிட்டது என்றால் அதற்குக் காரணம் குளிர்.

குளிர் எப்படி ராஸ்ப்பெர்ரியைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தச் செடியின் வேர் பல வருடம் வாழும், தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். முதல் கோடையில் தண்டு வெறும் இலையோடு வளரும். குளிர்காலம் முழுக்க அப்படியே குச்சியாக நிற்கும். இரண்டாம் கோடையில் அந்தக் குச்சி பூத்துக் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். அதற்குள் வேரிலிருந்து அடுத்த தண்டு கிளம்பியிருக்கும். நம் வாழையேதான்: குலை தள்ளியதை வெட்டுகிறோம், பக்கக்கன்று அடுத்த முறைக்கு.

இப்போது சிக்கலைப் பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பனி மூடிக் காவல் இருக்கிறது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் குச்சிக்கு எந்தக் காவலும் இல்லை. ஜனவரியில் இங்கே சாதாரண இரவே மைனஸ் 20-ஐத் தொடும், சில நாள் மைனஸ் 35-க்கும் கீழே போகும். குளிர் தாங்காத ரகத்தில் குச்சி செத்துவிடும், வேர் பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் செடி பச்சைப்பசேல் என்று கிளம்பும், ஜூலையில் பழம் மட்டும் இருக்காது. 'செடி நன்றாகத்தான் இருக்கிறது, காய்க்கத்தான் மாட்டேன் என்கிறது' என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, என்ன ரகம் என்பதுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. ஒரு பெரிய கடையில் நானும் அட்டைப்பெட்டிச் செடி வாங்கியிருக்கிறேன். மேலே அழகான பழத்தின் படம், 'சிவப்பு ராஸ்ப்பெர்ரி' என்ற எழுத்து, அவ்வளவுதான். ரகத்தின் பெயர் எங்கும் இல்லை. அது வருடா வருடம் இலை மட்டும் விட்டது. இப்படிப் பெயரில்லாமல் விற்பது தோட்டக்காரரின் மூன்று கோடையைக் களவாடுவதற்குச் சமம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அந்த இடத்தில்தான் இப்போது பாய்ன் நிற்கிறது. வசந்தத்தில் பார்த்தால் அதன் குச்சிகளும் செத்த மாதிரிதான் பழுப்பாக இருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை. நுனியில் ஒரு சாண் அளவு காய்ந்திருக்கும், அதை வெட்டிவிட்டால் போதும், மீதிக் குச்சி முழுக்க மொட்டு விடும்.

இலையுதிர் காலத்தில் காய்க்கும் ரகங்களை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஹெரிடேஜ் போன்றவை முதல் வருடத் தண்டிலேயே காய்க்கும், குச்சி குளிரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. யோசனை நல்லதுதான். ஆனால் அதற்கு நீண்ட கோடை வேண்டும். இங்கே செப்டம்பர் இரண்டாம் பாதியில் உறைபனி எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஹெரிடேஜ் அப்போதுதான் பழுக்கவே ஆரம்பித்திருக்கும். டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு அது சரி, நமக்குச் சரிவராது. பாய்ன் ஜூலையிலேயே பழுத்து ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. கோடைக் கடைசியில் பெருகும் புள்ளிச்சிறகுப் பழ ஈயிடமிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

நடுவது எளிது. வேர்க்கட்டாக, அதாவது தொட்டி மண் இல்லாமல் வெறும் வேரோடு வந்தால், ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் நடலாம். எங்கள் ஊர்க் களிமண் மழை பெய்தால் பூட்ஸை விடாது. ராஸ்ப்பெர்ரி வேர் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும், அதனால் ஒரு முழ உயரத்துக்குப் பாத்தி கட்டிக் கம்போஸ்ட் நிறையக் கலக்க வேண்டும். தக்காளி, உருளை, கத்தரி வைத்திருந்த இடம் வேண்டாம். அவற்றுக்கு வரும் வாடல் நோய் மண்ணில் தங்கியிருந்து இதையும் பிடிக்கும். முதல் வருடம் பழம் கிடையாது, இரண்டாம் வருடம் வாய்க்கு ருசி காட்டும், மூன்றாம் வருடத்திலிருந்துதான் அறுவடை என்று சொல்லலாம்.

அப்புறம் பழம். கடைப் பழத்தைவிடச் சிறியது, நிறம் அடர் சிவப்பு, நன்றாகப் பழுத்தால் கருஞ்சிவப்புக்குப் போய்விடும். மூன்று விரலால் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்தால், வெள்ளைக் கூம்பு ஒன்றைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பழம் மட்டும் குழிந்த தொப்பியாகக் கையில் வரும். இழுத்தும் வரவில்லையா, விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். பறித்த பிறகு பழுக்கிற ஜாதி இல்லை இது. வெயில் ஏறுவதற்கு முன் பறித்தால் வாசனையும் கெட்டித்தன்மையும் இருக்கும். புளிப்பு முதலில், இனிப்பு பின்னால், கடைசியில் மூக்கில் தங்கும் மணம். அந்த மணம் கடை டப்பாவில் எனக்குக் கிடைத்ததே இல்லை. என் மனைவி வெல்லமும் காய்ந்த மிளகாயும் போட்டு இதில் பச்சடி செய்கிறாள். இட்லிக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்ட பக்கத்து வீட்டு உக்ரேனியப் பாட்டி இப்போது ஜூலை வந்தாலே விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

குறைகளுக்கு வருவோம். பழம் மிருது, ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. கழுவினால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தட்டில் பரப்பி உறைய வைத்துப் பையில் கட்டிக்கொள்ளலாம். ஜாமுக்கும் உறைய வைப்பதற்கும் மிக நல்ல ரகம், நாலு பேருக்குக் கொடுத்தனுப்புவதற்குத்தான் ஆகாது. விதை கொஞ்சம் பல்லில் படும். முள் உண்டு, முழுக்கைச் சட்டை இல்லாமல் உள்ளே கைவிட்டால் கீறும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய்க்கு எளிதில் ஆளாகும், அதனால் காய்த்து முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்தி, ஓரடிக்கு நாலைந்து தண்டுக்கு மேல் விடாமல் காற்றோட்டம் வைக்க வேண்டும். பரவுவதிலும் கில்லாடி: வேலிக்கு அடியில் நுழைந்து பின்சந்தில் தலை நீட்டும். வாரம் ஒருமுறை புல்வெட்டி ஓட்டினால் அடங்கும். குளிர்காலத்தில் முயல்கள் வேறு. பனி உயர உயர அவையும் உயரத்தில் நின்று குச்சியைக் கடிக்கும். ஆகவே கோழிவலையைப் பனி மட்டத்துக்கும் மேலே வரும்படி கட்டுங்கள்.

முள்ளில்லாமல், கெட்டியான பழம்தான் வேண்டும் என்றால் நோவா என்ற ரகத்தைப் பார்க்கலாம், அதுவும் கனடாவில் உருவானதுதான். முள் மிகக் குறைவு, பழம் பெரியது. குளிர் தாங்குவதில் மட்டும் பாய்னுக்கு ஒரு படி கீழே. காற்று மறைவான இடம் இருந்தால் ஓரிரண்டு வைத்துப் பார்க்கலாம், தோட்டம் முழுக்க நான் வைக்க மாட்டேன்.

வேர்க்கட்டாக வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே நர்சரியில் சொல்லிவையுங்கள். மே மாதம் போனால் தொட்டிச் செடிதான் கிடைக்கும், விலையும் கூடுதல். எப்போது போனாலும் செடியில் கட்டிய சீட்டில் பாய்ன் என்ற பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.