சேலத்து வெயிலுக்கு அத்தரா, ஸ்பிரேயா?

சென்ட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் குளிரூட்டிய கடைக்குள் நின்று, விற்பனையாளர் நீட்டும் காகிதத் துண்டை முகர்ந்து பார்த்து, அந்த முதல் நிமிட மணத்துக்கே பணம் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காக, வெனிலாவும் அகிலும் கலந்த மணமுடைய இ.டி.பி. (மண எண்ணெய் கூடுதலாக உள்ள ஸ்பிரே) வகை பாட்டில் ஒன்றை எடுத்து, வைகாசி மாதக் காலை வேளையில் கழுத்திலும் சட்டையிலும் ஆறேழு முறை அடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். அடிவாரத்தைத் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோவிச்சுக்காத தம்பி, அந்த சன்னலக் கொஞ்சம் திறந்து விடு, வயித்தப் பொரட்டுது" என்றார். இன்னும் பதினைந்து வளைவுகள் மீதமிருந்தன. கடைக்குள் அவ்வளவு இதமாக இருந்த மணம், வியர்வையிலும் நெரிசலிலும் திகட்டும் பாகாக மாறிவிட்டதை என் மூக்கும் அப்போதுதான் உணர்ந்தது. எந்த மணம் உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த மணம் எந்த உடம்பில், எந்த வெயிலில், யார் பக்கத்தில் இருக்கும்போது பொருந்தும் என்று கேட்க வேண்டும் என்பதை அந்தப் பயணத்தில் கற்றேன்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவற்றுள் உண்மையான போட்டி அத்தருக்கும் ஆல்கஹால் ஸ்பிரேக்கும்தான். மணத்தைச் சுமந்து செல்வது எது என்பதிலேயே இரண்டும் பிரிகின்றன. ஸ்பிரேயில் மண எண்ணெய்கள் எத்தில் ஆல்கஹாலில் கரைந்திருக்கின்றன. தோலில் பட்ட சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகி, எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற இலேசான மணங்களைத் தன்னோடு தூக்கிச் செல்வதால், அடித்தவர் வந்ததை அறை முழுவதும் அறிகிறது. மண எண்ணெயின் அளவைப் பொறுத்து அதன் வகைகள் மாறுகின்றன: இ.டி.பி. எனப்படுவதில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம், இ.டி.டி.யில் 5 முதல் 15 சதவீதம், கொலோனில் 2 முதல் 4 சதவீதம் இருக்கும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் போடும் ஈரத்துணியில் நம் வீட்டுப் பெரியவர்கள் விட்ட யூடிகோலன் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்ததுதான். குளிர்ச்சிக்கு ஏற்றதே தவிர, நாள் முழுவதும் மணக்க அதனை நம்ப முடியாது. அத்தரிலோ ஆல்கஹால் இல்லை. எண்ணெய் தோலோடு ஒட்டி நின்று, உடற்சூட்டில் மெல்ல மெல்ல மணத்தை விடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரிகிறது. ஆல்கஹால் கலந்ததைப் பூசிக்கொண்டு தொழ விரும்பாதவர்கள் அத்தரையே நாடுவதற்கும் அதில் ஆல்கஹால் இல்லாததே காரணம்.

இந்த வேறுபாட்டைச் சேலத்தில் இருந்துகொண்டு பார்ப்பது தனி அனுபவம். சித்திரை, வைகாசி மாதங்களில் நகரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ அதே நாளில் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. வெப்பம் கூடக்கூட மண மூலக்கூறுகள் விரைவாக ஆவியாகும். எனவே நாலு ரோட்டில் பேருந்துக்குக் காத்து நிற்பவரின் கழுத்தில் எலுமிச்சை மணம் கால் மணி நேரத்தில் காணாமற் போகிறது. வெனிலா, கஸ்தூரி போன்ற கனமான மணங்களோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு விரிந்து பக்கத்தில் இருப்பவரின் மூச்சை முட்டுகின்றன. மார்கழிப் பனியில் ஏற்காடு ஏரிக்கரையில் நடக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே இ.டி.டி. தோலை விட்டு எழவே தயங்குகிறது. கீழே திகட்டிய அதே அகில் மணம் ஸ்வெட்டருக்குள்ளிருந்து இதமாகக் கசிகிறது. ஒரே பாட்டில் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு வேறு மணங்களாக நடந்துகொள்வதை இந்த மலைப்பாதையில் நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

அத்தரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் ஏமாற வாய்ப்பும் அதிகம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் இன்றும் பழைய முறைப்படி, செம்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு விறகடுப்பில் கொதிக்க வைத்து, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெய் ஊற்றிய இன்னொரு செம்புக் கலத்தில் இறக்குகிறார்கள். பூவின் மணம் சந்தனத்தில் ஊறி நிலைபெறுகிறது. சந்தனம் இயற்கையாகவே வளரும் சேர்வராயன் மலையடியில் வாழும் நமக்கு அதன் அருமையும் விலையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விலையின் காரணமாகவே, மலிவான அத்தர்களில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகத் திரவ பாரபின் போன்றவற்றை அடிப்படையாக ஊற்றிவிடுகிறார்கள். அவற்றில் முதல் ஒரு மணி நேரம் மணம் ஓங்கி நின்று, பிறகு தோலில் பிசுக்கு மட்டும் மிஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். நல்ல சந்தன அடிப்படை உள்ளதோ மறுநாள் காலையில் மணிக்கட்டை முகர்ந்தாலும் பால்போன்ற மென்மணமாய்த் தங்கியிருக்கிறது.

கோட்டைப் பகுதியில் ஒரு சிறிய கடையில் வெட்டிவேர் அத்தர் பார்த்தபோது, மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி தொட்டு என் மணிக்கட்டில் இழுத்துவிட்ட கடைக்காரர், நான் உடனே மூக்கருகே கொண்டுபோனதைத் தடுத்தார். "இப்ப பாக்காதீங்க தம்பி. கடைவீதிய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, வேர்த்ததுக்கு அப்புறம் பாருங்க" என்றார். "சட்டையில போடலாமா பாய்?" என்று கேட்டதற்கு, "வெள்ளைச் சட்டையில வேணாம், கறை விழுந்துடும். காதுக்குப் பின்னால ஒரு துளி போதும்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, வியர்த்த மணிக்கட்டில் புதுப் பானைத் தண்ணீரின் வாசம் எழுந்தது. வெயில் அதனைக் கெடுக்கவில்லை, மாறாகத் தெளிவாக்கியிருந்தது. அந்தச் சோதனையை ஸ்பிரே விற்கும் கடைகளிலும் நான் விடாமல் செய்துவருகிறேன். ஒரு கைக்கு ஒன்றென இரண்டுக்கு மேல் பார்ப்பதில்லை. மூக்கு அதற்குள் களைத்துவிடுகிறது. மூக்கைத் தெளிவிக்கக் காப்பிக் கொட்டையை நீட்டும் வழக்கம் பல கடைகளில் உண்டு. காப்பித் தோட்டங்களுக்குக் கீழே வாழும் எனக்கு அந்த மணம் பிடித்ததுதான் என்றாலும், 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அது வெறும் காற்றை முகர்வதைவிட எந்த வகையிலும் மேலானதல்ல என்று காட்டியது. வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

பூ வைக்கும் பெண்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு விளம்பரங்கள் அதை அறியா. தலையில் இரண்டு முழம் குண்டுமல்லி இருக்கும்போது அதுவே அன்றைய முதல் மணம். அதன்மேல் ரோஜாவும் லில்லியும் கலந்த இ.டி.பி.யை அடித்தால் இரண்டும் மோதிக்கொள்கின்றன. என் அக்கா பல வகைகளை முயன்று பார்த்த பின், பூ வைக்கும் நாளில் சந்தன அத்தர் ஒரு துளி, பூ இல்லாத நாளில் பூமணமுள்ள இ.டி.டி. என்று வகுத்துக்கொண்டார். அதைவிடத் தெளிவான முறையை நான் எங்கும் பார்க்கவில்லை.

தோலையும் பார்க்க வேண்டும். வறண்ட தோலில் ஸ்பிரே விரைவில் அகன்றுவிடும். குளித்த ஈரத்தோடு மணமில்லாத கிரீம் தடவிய பின் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். மழித்த கழுத்தில் ஆல்கஹால் எரியும். பெர்கமோட் என்னும் எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் என்னும் பொருள் வெயில் பட்டால் தோலில் கருந்திட்டை உண்டாக்கக் கூடியது என்பதால், அத்தகைய இயற்கை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு நண்பகலில் நடமாடக் கூடாது. இயற்கையானது என்பதற்காக அத்தர் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும் தவறு. பூ எண்ணெய்களாலும் ஒவ்வாமை வரும். முழங்கையின் உட்புறத்தில் தொட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது இரண்டுக்கும் பொது. பாடி ஸ்பிரேயை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. வியர்வை நாற்றத்தை மறைப்பது அதன் வேலை. ஏற்கெனவே வியர்த்த உடம்பில் அடித்தால் அந்த வேலையும் நடப்பதில்லை.

செலவிலும் அத்தருக்கே என் ஆதரவு. 3 மி.லி. குப்பியில் வாங்கி ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம், 100 மி.லி. ஸ்பிரே பிடிக்காமற் போனால் அலமாரியில் தூங்கும். ஆனால் குளிரூட்டிய மண்டபத்தில் மாலை வரவேற்புக்குப் போகிறவருக்கும், மலைமேல் குடியிருப்பவருக்கும் அத்தரின் அடக்கம் போதாது, அங்கே இ.டி.பி.தான் எடுபடும், அதுவும் இரண்டு முறைக்கு மேல் அடிக்க வேண்டாம். பகலில் டவுன் பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் அலைகிற என்னைப் போன்றவர்களுக்கு வெட்டிவேர் அத்தரே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பழைய வெனிலா பாட்டில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. மார்கழியில் மலையேறும் நாளில் மட்டும், பேருந்திலிருந்து இறங்கி ஏரிக்கரைக் காற்று முகத்தில் பட்ட பிறகு, ஸ்வெட்டருக்குள் ஒரே ஒரு அடி அடித்துக்கொள்கிறேன்.