லக்சர்–அபிடோஸ் ஒரு நாள் கார் பயணம்: மெர்நெய்த்துக்காகப் போகிறவர்கள் கவனத்துக்கு

எகிப்தின் லக்சரில் வாடகைக் கார் பேசினால், பெரும்பாலும் தெந்தேரா, அபிடோஸ் என்ற இரண்டு பழங்காலக் கோயில் தலங்களையும் ஒரே நாளில் கட்டித்தான் தருவார்கள். அபிடோஸில் உள்ள மன்னர் முதலாம் சேத்தியின் கோயிலைப் பார்க்க அது அருமையான பயணம். 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதல் வம்சத்து அரசி மெர்நெய்த்தைத் தேடிப் போனால் 5-க்கு 3 தரலாம், அதுவும் நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டால்தான்.

தெந்தேரா வழியிலேயே இருப்பதால் வண்டி முதலில் அங்கே நிற்கும். அதை முடிக்கவே மதியமாகிவிடும், அபிடோஸுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். காலை 6 மணிக்குக் கிளம்பி நேரே அபிடோஸ், தெந்தேரா திரும்பும்போது என்று சொல்லிவிடுங்கள். ஒரு வழிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

மெர்நெய்த்தின் கல்லறை அபிடோஸில் உம் எல்-காப் என்ற பாலைவன மேட்டில் இருக்கிறது. 'பானைகளின் தாய்' என்று பொருள், தரையெங்கும் உடைந்த பானை ஓடுகள். கோயில் நுழைவுச்சீட்டை வைத்து அங்கே போக முடியாது, தனி அனுமதி வேண்டும். "நான் கூட்டிப்போகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கோயிலின் பின்பக்கம் ஒசைரியன் என்ற நிலத்தடிக் கட்டடத்தைத் தாண்டி மேற்கே பார்த்தால் மலையில் ஒரு பிளவு தெரியும், அதன் முன்னால்தான் மேடு. தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. கல்லறையின் செங்கல் அறையைச் சுற்றிப் பணியாளர்களைப் புதைத்த சுமார் 40 குழிகள் என்பதும், முத்திரை உடையாத மது ஜாடிகள் கிடைத்ததாக 2023-இல் அறிவித்ததும் வழிகாட்டி வாயால் கேட்டுக்கொள்ள வேண்டியவைதான்.

கோயிலுக்குள் இருக்கும் மன்னர் பட்டியலைத் தவறவிடாதீர்கள். மொத்தம் 76 பெயர்கள். மேல் வரிசையில் முதல் மன்னர் மெனியிலிருந்து எண்ணினால் 4-ஆவது இதா, அதாவது ஜெத். 5-ஆவது செப்தி, அதாவது டென். மகன் டென் சிறுவனாக இருந்தபோது மெர்நெய்த் ஆண்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அவள் பெயர் இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். இல்லை! டென் கல்லறையில் 1985-இல் கிடைத்த முத்திரைப் பதிவிலோ 'மன்னரின் தாய்' என்ற பட்டத்தோடு அவளும் மன்னர் வரிசையில் இருக்கிறாள். நடைகூடம் மங்கலாக இருக்கும், குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்கும் கேமரா உதவும்.

வழிகாட்டியை அமர்த்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவள் நடுகல்லில் எது இல்லை? பருந்தும் அரண்மனை முகப்புச் சட்டமும் என்று பதில் வந்தால் ஆளை நம்பலாம். மன்னர் பெயர்களுக்கு உரிய அடையாளம் அது. 1900-இல் கல்லறையைத் தோண்டிய அகழ்வாய்வாளர் பெட்ரியே முதலில் ஆண் மன்னர் என்றுதான் நினைத்தார். "எகிப்தின் முதல் பெண் ஃபாரோ, சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

அந்த நடுகல் அபிடோஸில் இல்லை, கெய்ரோ அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. பல பொருட்கள் கீஸாவின் புதிய அருங்காட்சியகத்துக்கு மாறியிருப்பதால், கெய்ரோவில் இறங்கும் நாளிலேயே எந்தக் கட்டடம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.