திரும்பி நின்ற ஏழு: ஸ்கோர் அச்சுக்கோத்துத் தந்த ஒருவரைப் பற்றி

பன்னிரண்டு பாட்டு, நான்கு குரல், ஆர்கனுக்குத் தனிப் பகுதி. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன. சில பென்சிலில், சில நீலப் பேனாவில், ஒன்றில் மாணவி ஒருத்தி கொட்டிய காப்பிக் கறையோடு. டிசம்பர் கேரல் ஆராதனைக்கு இவற்றை ஒழுங்கான புத்தகமாகப் போட வேண்டும் என்று எங்கள் பாளையங்கோட்டைப் பாடகர் குழுவில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகப் போன ஆகஸ்டில், பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே ஸ்கோர் (ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதிய இசைப்பிரதி) அச்சுக்கோத்துத் தரும் ஒரு தம்பியிடம் வேலையை ஒப்படைத்தேன். பக்கத்துக்கு 180 ரூபாய். 48 பக்கப் புத்தகத்தில் இரண்டு வெற்றுப் பக்கங்களுக்குக் காசு வாங்கவில்லை. ஆக 8,280 ரூபாய்.

அவர் பெயரைப் போடவில்லை. ஒற்றை ஆளாகச் செய்கிற தொழில். கீழே நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி என்னுடையவை. ஆனால் இதுபோன்ற வேலையை யாரிடமாவது கொடுக்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

முதலில் நல்லது. 46 பக்கத்தில் தப்பான ஸ்வரம் நான்குதான் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு என் கைப்பிரதியிலேயே தப்பு. பக்கம் திருப்பும் இடங்களை அவர் யோசித்துப் போட்டிருந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்கன் வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும். வலது பக்கத்தின் கடைசி பாரில் (இரண்டு நிற்கோடுகளுக்கு இடையிலுள்ள தாளக் கட்டம்) அவருக்கு ஒரு கை சும்மா இருந்தால்தான் தாளைத் திருப்ப முடியும். இரண்டு பக்கத்தில் முடிகிற பாட்டை இடது பக்கத்தில் தொடங்கினால் திருப்பவே வேண்டாம். அந்த வெற்றுப் பக்கங்கள் அதற்குத்தான். புரூஃபைப் பார்த்தபோது, “தாளை வீணடிக்கிறாரே” என்று நினைத்தேன். ஒத்திகையில் ஆர்கனிஸ்ட் முகத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சரி, தகராறுக்கு வருவோம்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “மேடம், நாலாவது பாட்டில் நிறைய பாரில் அரை பீட் குறையுது. சரிதானா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டை நாற்பது வருடமாகப் பாடுகிறோம், ஒருநாளும் அரை பீட் குறைந்ததில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் எழுதக் கற்றது தாத்தாவின் இங்கிலாந்துப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து. அந்தக் காலத்து இங்கிலீஷ், பிரெஞ்சுப் பதிப்புகளில் குரோச்செட் ரெஸ்டுக்கு, அதாவது ஒரு பீட் மௌனக் குறிக்கு, இப்போதுள்ள மின்னல்கோடு போன்ற வடிவம் கிடையாது. அரை பீட் மௌனமான குவேவர் ரெஸ்ட் 7 போல இருக்கும் அல்லவா, அதையே கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டால் குரோச்செட் ரெஸ்ட். குமிழ் இடப்பக்கம் இருந்தால் அரை பீட் மௌனம், வலப்பக்கம் இருந்தால் ஒரு பீட். என் பென்சில் எழுத்தில் குமிழ் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் நேரான ஏழாகவே படித்திருக்கிறார். படித்ததோடு நிற்காமல், கணக்கு உதைக்கிறதே என்று கேட்டாரே, அதற்கே பாதி காசு கொடுக்கலாம். வேறு ஒருவர் என்றால் பாருக்கு ஒரு ரெஸ்டைக் கூடப் போட்டு நிரப்பிவிட்டுப் போயிருப்பார்.

அப்போது இன்னொரு கூத்தும் நடந்தது. நான் “குரோச்செட், மினிம்” என்கிறேன், அவர் “குவார்ட்டர் நோட், ஹாஃப் நோட்” என்கிறார். லண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற என் வாயில் ஒன்று வருகிறது, அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துத் தொழில் கற்றவர் வாயில் இன்னொன்று. பத்து நிமிடப் பேச்சில் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்பது தெரிய ஆறு நிமிடம் போனது.

அடுத்தது குவேவர்களை, அதாவது அரை பீட் ஸ்வரங்களை, சேர்த்துக் கட்டும் விஷயம். இதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. பழைய பாடகர் குழுப் புத்தகங்களில் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்றால் ஒவ்வொரு குவேவரும் தனித்தனி வாலோடு நிற்கும். ஒரே அசையை இரண்டு மூன்று ஸ்வரத்தில் இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் மட்டும் அவற்றை மேலே ஒரு கட்டையால் சேர்ப்பார்கள். கட்டை தெரிந்தால் இழு, வால் தெரிந்தால் அடுத்த அசைக்குப் போ. படிப்பில்லாத பாடகருக்கும் அது போதும். இப்போதைய வழக்கம் வேறு. குரலுக்கும் வயலினுக்கும் ஒரே மாதிரி, தாளத்தின் அடியைப் பார்த்துக் கட்டுகிறார்கள். அசை எங்கே மாறுகிறது என்பதை ஸ்லர் வளைவு சொல்லும். தாளம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறையில் ஸ்லர் ஒன்று விட்டுப்போனால் பாடகர் கதி அதோகதி. இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஆல்டோ அக்காமார் எட்டுப் பேரும் அங்கே ஆளுக்கொரு அசையில் நின்றார்கள்.

நான் கேட்டதற்கு, “மேடம், இப்ப எல்லா பப்ளிஷரும் இப்படித்தான் போடறாங்க” என்றார். எல்லா என்பது கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் ஒரே சட்டம் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் போன்ற ஊர்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டில் ஐந்து பல் கருவியால் ஐந்து கோட்டையும் ஒரே இழுப்பில் கீறி, ஸ்வரத் தலைகளை உளி போன்ற அச்சால் இடவலம் மாற்றித் தட்டி இறக்கினார்கள். பட்டறைக்குப் பட்டறை அச்சு வேறு, அதனால் முகமும் வேறு. இன்று அந்த இடத்தில் சாஃப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறது. 1996-இல் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கிய லிலிபாண்ட் என்ற ஸ்கோர் நிரல், கையால் செதுக்கிய பழைய ஜெர்மன் பதிப்புகளை மாதிரியாக வைத்துக்கொண்டது. மியூஸ்ஸ்கோர் என்ற இன்னொரு நிரலின் லேலண்ட் எழுத்துரு, ஸ்கோர் என்ற பழைய நிரலை எழுதிய லேலண்ட் ஸ்மித்தின் பெயரைத் தாங்குகிறது. நம்ம தம்பி ஃபினாலே என்ற நிரலில் வேலை செய்துகொண்டிருந்தவர். 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்ததும் டோரிகோ என்ற வேறு நிரலுக்கு மாறிவிட்டார். ஆக, நம் பக்கத்தில் விழுவது அந்தந்த நிரலின் பழக்கம். மாற்றச் சொன்னால் மாறும். ஆனால் மாற்றச் சொல்ல நமக்கு முதலில் அது ஒரு பழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்காமலே விட்டேன், அவர் தன் வழக்கப்படி போட்டார். இதில் அவர்மேல் என்ன தப்பு?

தப்பு என்று நான் அடித்துச் சொல்வது தமிழில்தான். அவர் தாய்மொழி கன்னடம். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பார். வரிகளை அசை பிரித்து ஸ்வரத்துக்குக் கீழே போடும்போது “எ-ன்னை”, “ப-க்தர்” என்று பிரித்திருந்தார். பார்த்ததும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், கன்னடத்தில் ‘க்த’ என்பது ஒரே எழுத்துக் கூட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும். அவர் கண் அங்கேதான் வெட்டும். தமிழில் புள்ளி வைத்த எழுத்து முந்தின உயிரோடு ஒட்டிக்கொள்ளும்: என்-னை, பக்-தர். இது வெறும் இலக்கண வீம்பு இல்லை. “எ” மட்டும் முதல் ஸ்வரத்தின் கீழ் நின்று, “ன்னை” அடுத்த ஸ்வரத்தின் கீழ் தொடங்கினால், பாடுகிறவர் ‘ன்’ஐ அடி விழும் இடத்தில் அழுத்துகிறார். ‘னை’ ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. முப்பது பேர் சேர்ந்து பிந்தினால் அது மயிரிழை இல்லை. புரூஃபில் எண்ணினேன், இப்படி 61 இடம். எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினேன். நான்கு நாளில் சரி செய்து அனுப்பினார், கூடுதல் காசு கேட்கவில்லை.

தமிழில் இன்னொரு தொல்லை அகலம். இங்கிலீஷில் ஒரு சின்ன அசை நிற்கிற இடத்தில் நமக்கு “றிஸ்” என்றோ “ணைந்” என்றோ வந்து நிற்கும். ஸ்வரங்களுக்கு இடையே இடைவெளி கால அளவைப் பார்த்து வர வேண்டும், ஆனால் எழுத்து முட்டித் தள்ளுகிறது. சில பாரில் அரை பீட் குவேவர்கள் இரண்டு பீட் மினிமைவிட அகலமாக உட்கார்ந்திருந்தன. எழுத்தை ஒரு புள்ளி குறைத்து, வரிக்கு நான்கு பார் என்பதை மூன்றாக்கிச் சமாளித்தார். அதனால் இரண்டு பக்கம் கூடியது. அது பரவாயில்லை.

எங்கள் குழுவில் பாதிப் பேர் ஐந்து கோட்டைப் பார்ப்பதே இல்லை, ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கிற டானிக் சோல்ஃபாதான். அதையும் ஒரு வரியாக மேலே கேட்டிருந்தேன். அவர் இதற்குமுன் அதைச் செய்ததில்லை. முதலில் பாட்டு வரிகளைப் போலவே நினைத்து எழுத்துகளை மட்டும் போட்டுவிட்டார். சோல்ஃபாவில் முக்கால்வாசி விஷயம் நிறுத்தக்குறியில் இருக்கிறது. பீட்டுக்குப் பீட் முக்காற்புள்ளி, பீட்டைப் பாதியாக்க ஒற்றைப் புள்ளி, நீட்ட ஒரு கோடு, கீழ்ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு சின்னக் கீற்று. அவை இல்லாமல் டோ, ரே, மி மட்டும் இருந்தால் தாளமே தெரியாது. தாத்தாவின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அடுத்த புரூஃபில் பிசகில்லாமல் வந்தது.

மொத்தத்தில் மூன்று புரூஃப், ஐந்து வாரம். அவர் சொன்னது மூன்று வாரம். தாமதத்தில் பெரும்பங்கு என் சிவப்பு மையுடையது. ஈஸ்டர் பாட்டுகளையும் அவரிடமே கொடுக்கப்போகிறேன். இந்தத் தடவை கைப்பிரதியோடு ஒரு தனித்தாளும் போகும்: வால் தனித்தனியாக வேண்டும், ஒலி ஏற்ற இறக்கக் குறிகள் பாட்டு வரியில் இடிக்காமல் கோட்டுக்கு மேலே வேண்டும், நினைவூட்டும் நேச்சுரலுக்கு (ஷார்ப்பையோ ஃப்ளாட்டையோ ரத்து செய்யும் குறி) அடைப்புக்குறி வேண்டாம், புள்ளியெழுத்தில் அசை தொடங்கக் கூடாது.

ஒன்றை மட்டும் நான் அவர் வழிக்கே விட்டுவிட்டேன். ஒன்பதாவது பாட்டு ஏ மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு மாறும். பழைய புத்தகங்களில் அந்த இடத்தில் ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் மூன்று ஷார்ப்பையும் ரத்து செய்ய மூன்று நேச்சுரல் போட்டு, அதன் பிறகுதான் அரைப்படி இறக்கும் ஒரு ஃப்ளாட்டைப் போடுவார்கள். இப்போது இரட்டைக் கோட்டுக்குப் பின் ஃப்ளாட் மட்டும். சுத்தமாக இருக்கிறது, எனக்குப் பிடித்தது. முதல் ஒத்திகையில் பேஸ் வரிசையில் இருந்து அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

“டீச்சர், இங்கன இருந்த ஷார்ப்பெல்லாம் எங்க போச்சு?”

புது முறையில் அப்படித்தான் அண்ணாச்சி, ஃப்ளாட் வந்தாலே ஷார்ப் போய்விட்டது என்று அர்த்தம் என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த வாரம் பார்த்தால் அந்த இடத்தில் மூன்று நேச்சுரலையும் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறார். தன் பிரதியில் மட்டுமில்லை, பேஸ் வரிசையின் ஏழு பிரதியிலும்.